நாலாவது தண்ணீர் நிலையம்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஆண்டுக்கொரு முறை வீட்டுக்கு வருவதன் நோக்கங்கள் மூன்று: குடும்பத்தைப் பார்ப்பது, நண்பர்களைப் பார்ப்பது, நெடுந்தூரம் ஓடுவது. அவனே ஒருமுறை போனில் இந்த வரிசையில்தான் சொன்னான். முதலிடம் நமக்குத்தான் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சொல்வதற்கு ஒரு வரிசை, செய்வதற்கு ஒரு வரிசை என்பது நகராட்சியில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அவளுடைய வீட்டுக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

மகன் வந்து இறங்கியதும் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது காலணிகள். வேகமாக ஓட ஒரு ஜோடி, மெதுவாக ஓட ஒரு ஜோடி, ஓடாத நேரத்தில் கால்கள் ஓட்டத்தை மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு ஜோடி. அடுத்து கைக்கடிகாரத்துக்குச் சார்ஜ் போடும் வயர். அந்தக் கடிகாரத்துக்கு இருந்த ஏராளமான திறமைகளில் மணி காட்டுவது கடைசித் திறமை.

"நல்லா தூங்கினியாப்பா?" என்று அம்மா கேட்பாள்.

"இரும்மா, பார்த்துச் சொல்றேன்" என்று மகன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பான். "சுமாராத்தான் தூங்கியிருக்கேன்."

"அது உனக்கே தெரியாதாடா?"

"எனக்கு நல்லா தூங்கின மாதிரிதான் இருக்கு. ஆனா தப்பு."

பொழுது விடியுமுன் ஓடப் போய்விடுவான். திரும்பி வந்து காலுக்கு ஐஸ் வைப்பான். சாப்பாட்டைச் சின்னத் தராசில் நிறுத்துத் தட்டில் போட்டுக்கொள்வான். அம்மா ஆசையாகக் கூட ஒரு கரண்டி வைத்தால் அதை எடுத்துத் திரும்பப் பாத்திரத்தில் போட்டுவிடுவான். நண்பர்களைப் பார்ப்பதும் ஓட்டத்தில்தான். பள்ளியில் ஒன்றாகப் படித்த குண்டன் இப்போது குச்சி மாதிரி இளைத்துப் போயிருந்தான். பெயர் மட்டும் இளைக்கவில்லை. இருவரும் அருகருகே ஊர் எல்லைவரை ஓடிப் போய்த் திரும்புவார்கள். என்னப்பா பேசினீங்க என்று கேட்டால், பேசினால் இதயத்துடிப்பு ஏறிவிடும், அதனால் பேசவில்லை என்பார்கள்.

"கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காரேன்ப்பா."

"சாப்பிட்ட உடனே உக்காரக் கூடாதும்மா."

"சரி, சாப்பிடறதுக்கு முன்னாடி உக்காரு."

"ஓடிட்டு வந்து உடனே உக்காந்தா தசை இறுகிடும்."

"அப்ப எப்பதான்டா உக்காருவே?"

"ஓய்வு நாள்ல."

"அது என்னைக்கு?"

"திரும்பிப் போற அன்னைக்கு. ஃப்ளைட்ல உக்காரணும்ல."

அம்மாவுக்கு மகனிடம் பெரிதாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நீ அங்கே நல்லா இருக்கியா? போனில் கேட்டால் எல்லாரும் நல்லாத்தான் இருப்பார்கள். எதிரே உட்கார வைத்துக் கேட்டால்தான் பதில் வாயிலிருந்து வருகிறதா, மனசிலிருந்து வருகிறதா என்று பெற்றவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவன் குரலில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. அது என்னவென்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வருஷம் அவன் வீட்டுக்கு வரவேயில்லை. மாமா மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது வேலை தலைக்கு மேல் இருந்தது. ஆனால் அடுத்த மாசமே பக்கத்து ஊரில் நடந்த ஒரு நெடுந்தூர ஓட்டத்துக்கு விமானம் ஏறி வந்து, ஓடிவிட்டு, அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டான். மெடலைக் கடித்துக்கொண்டு நிற்கும் படம் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள்.

"என்னங்க, ஆபரேஷனுக்கு வராதவன் ஓட்டத்துக்கு வர்றான். அப்ப நாம ஆபரேஷன் வச்சது தப்பு. ஓட்டம் வச்சிருக்கணும்."

வீட்டுக்காரர் முப்பது வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவர். இதைவிட மோசமான காரணங்களுக்கெல்லாம் இதைவிடப் பெரிய திட்டங்கள் நிறைவேறியதைக் கண்ணால் பார்த்தவர். மறுநாளே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மனைவியோடு நகராட்சிக்குக் கிளம்பினார்.

அவருடைய பழைய நாற்காலியில் ஓர் உதவி அலுவலர் உட்கார்ந்திருந்தார். பெரியவரைப் பார்த்ததும் எழுந்திருப்பது போல் ஓர் அசைவு காட்டிவிட்டு உட்கார்ந்தபடியே இருந்தார்.

"நடக்கிறதுக்கு அனுமதி தேவையில்லை சார். ஓடறதுக்குத்தான் தேவை. ஆனா நடை எங்க முடிஞ்சு ஓட்டம் எங்க ஆரம்பிக்குதுன்னு இன்னும் வரையறுக்கப்படலை."

"அந்தக் கோப்பு நான் இருக்கும்போதே மேல போச்சே?"

"இன்னும் கீழ வரலை சார். அது வரும்போது வரட்டும். எதைப் பத்தின விழிப்புணர்வு?"

"என்ன விழிப்புணர்வு?" என்றாள் அம்மா.

"விழிப்புணர்வு இல்லாம ஓடினா அது வெறும் ஓட்டம்மா. வெறும் ஓட்டத்துக்கெல்லாம் சாலையை மறிக்க முடியாது."

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பெத்தவங்க உயிரோட இருக்காங்கன்னு பிள்ளைங்களுக்கு ஒரு விழிப்புணர்வு."

உதவி அலுவலர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அது அங்கீகரிக்கப்பட்ட தலைப்புகள்ல வரலைம்மா. சிறுநீரகம் இருக்கு, பிளாஸ்டிக் ஒழிப்பு இருக்கு, ஹெல்மெட் இருக்கு. கொசு இருந்துச்சு, போன வாரம்தான் இன்னொரு சங்கம் எடுத்துக்கிட்டாங்க."

"இதுல எதுக்கு வெளிநாட்டுலேர்ந்து வருவாங்க?"

"சிறுநீரகத்துக்கு எப்பவுமே நல்ல வரவேற்புதான்."

இவ்வாறாக, மாபெரும் சிறுநீரக விழிப்புணர்வு நெடுந்தூர ஓட்டம் பிறந்தது. கடைசியாக உதவி அலுவலர், தண்ணீர் நிலையங்கள் எங்கெங்கே என்று கேட்டார். ஓடுகிறவன் வேறு எதற்கு நிற்காவிட்டாலும் தண்ணீருக்கு நிற்பான் என்பது அம்மாவின் கணக்கு. நாலாவது நிலையத்தை எங்கள் வீட்டு வாசலிலேயே வைத்துவிடுங்கள் என்றாள்.

"வைக்கலாம்மா. ஆனா அன்னைக்கு அது வீடு கிடையாது. ஒரே கட்டடம் வீடாவும் நிலையமாவும் இருக்க விதியில இடமில்லை. ஓடறவங்க, தொண்டருங்க தவிர யாரும் உள்ள போய் வரக்கூடாது."

"ஒரு நாள்தானே" என்று அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

செய்தியை மகனுக்குப் போனில் சொன்னபோது மறுமுனையில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிள்ளை நெகிழ்ந்துபோய்விட்டான் என்று அம்மா நினைத்தாள்.

"தூரத்தை முறைப்படி அளந்தாங்களாம்மா?" என்று கேட்டான் அவன்.

"உங்கப்பாவே சங்கிலி பிடிச்சு அளந்தாருப்பா."

கல்யாணத்துக்குக் கிடைக்காத லீவு கிடைத்துவிட்டது. வந்தான். ஓட்டத்தன்று அம்மா வாசலில் மேஜை போட்டு, மேஜைக்குப் பின்னால் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றையும் போட்டு வைத்தாள். தூரத்தில் மகன் வருவது தெரிந்ததும் ஒரு கப்பை நிரப்பிக் கையில் எடுத்துக்கொண்டாள். வந்தான். கையை நீட்டினான். அவள் கையிலிருந்த கப்பை ஓடியபடியே பறித்தான். பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு, கப்பைக் காலடியில் எறிந்துவிட்டு, "தேங்க்ஸ்மா" என்று சொல்லிக்கொண்டே தெருமுனை திரும்பிவிட்டான். நாற்காலி அப்படியே இருந்தது.

"உன் ஸ்டேஷன் நல்லா இருந்துச்சும்மா" என்று அன்று மாலை ஐஸ் பையோடு படுத்துக்கொண்டு சொன்னான். "ஆனா கப்பை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறே. அதுல எனக்கு ரெண்டு செகண்ட் போச்சு."

அம்மாவுக்கு ஒருபக்கம் சுருக்கென்றது. இன்னொரு பக்கம், பிள்ளை பல வருஷத்துக்குப் பிறகு தன்னைக் கவனித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறானே என்று குளிர்ந்தும் போனது. கேள்வியை அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம், முதலில் கப்பைச் சரியாகப் பிடிக்கப் பழகுவோம் என்று முடிவு செய்தாள்.

ஓட்டம் மாபெரும் வெற்றி என்று தெருவே ஒருமனதாகத் தீர்மானித்தது. வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீடு அந்தத் தெருவில் குறைவு. அத்தனை பிள்ளைகளும் வந்திருந்தார்கள். தபால்காரர் வீட்டு மகள் எத்தனையோ வருஷம் கழித்து வந்து, வீட்டுக் கதவுக்கு முன்னால் மெடலோடு படம் எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டாமலேயே திரும்பிப் போனாள். அந்தப் படத்தில் ஜன்னல் வழியே தானும் தெரிவதாகத் தபால்காரர் எல்லாரிடமும் காட்டினார்.

அடுத்தடுத்த வருஷங்களில் ஓட்டம் கிடுகிடுவென்று வளர்ந்தது. ஒழுங்காற்றுக் குழு, வழித்தடக் குழு, வாழைப்பழக் குழு என்று குழுக்கள் முளைத்தன. வீட்டுக்காரர் ஓட்ட இயக்குநர் ஆனார். கழுத்தில் விசில், இடுப்பில் வயர்லெஸ். பதவியில் இருந்த காலத்தில் அவர் சொல்லி ஒரு மின்விசிறிகூடச் சுற்றியதில்லை. இப்போது அவர் விசிலடித்தால் ஒரு நெடுஞ்சாலையே நின்றது. மனைவிக்கு அவர் வாயால் எதையும் சொல்வதை விட்டுவிட்டார். 'நாலாவது நிலையப் பொறுப்பாளரின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கும் சுற்றறிக்கையை ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவார். காபி ஆறிவிட்டது என்று அவளும் முறையான வழியில் தெரிவிப்பாள்.

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. கப்பின் அடியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை விரித்து, ஓடுகிற கைக்கு இசைந்தாற்போல் பின்னால் கொண்டுபோய் விடுவதில் கைதேர்ந்தாள். மற்ற நிலையங்களின் அம்மாக்களுக்குப் பயிற்சி வகுப்பும் எடுத்தாள்.

"முகத்தைப் பார்க்கவே கூடாது" என்று வகுப்பில் சொல்வாள். "முகத்தைப் பார்த்தா பேச்சு வரும். பேச்சு வந்தா கை நிக்கும். நெஞ்சுல நம்பர் இருக்கும், அதை மட்டும் பாருங்க. நம்பர்தான் ஆளு."

ஓடுகிறவர்கள் நாலாவது நிலையத்துக்கு இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். எல்லாரும் அவளை அம்மா என்றே கூப்பிட்டார்கள். மகன் ஒவ்வொரு வருஷமும் வந்தான், ஓடினான், கப்பை வாங்கினான், எறிந்தான், போனான். பிறகு போனில் அவன் தன் வேகத்தைச் சொன்னான். அவள் தன் வேகத்தைச் சொன்னாள். இருவருக்கும் பேச ஏதோ ஒன்று கிடைத்ததில் அம்மாவுக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. கேள்வி மட்டும் அடுத்த தடவைக்குத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் மகன் பெயர் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, வேலை என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டான். அம்மாவுக்கு மனசு வாடிப்போனதுதான். ஆனால் கப்புகள் வந்து இறங்கிவிட்டன, வாடுவதற்கு நேரமில்லை.

ஓட்டத்தன்று ஒலிபெருக்கியில் பாட்டு காதைப் பிளந்தது. அம்மா இரண்டு கையிலும் கப்புகளோடு நெஞ்சு நெஞ்சாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பர், கப்பு. நம்பர், கப்பு. அப்போது தோளில் பையோடு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து ஒருவன் மேஜை முன்னால் நின்றான்.

"அம்மா."

காலையிலிருந்து நூறு பேர் அப்படிக் கூப்பிட்டாயிற்று. அவள் கண் பழக்கத்தில் அவன் நெஞ்சுக்குப் போனது. அங்கே நம்பர் இல்லை. கண் அடுத்த நெஞ்சுக்குத் தாவிவிட்டது. கை மட்டும் அவனிடம் ஒரு கப்பைக் கொடுத்தது.

"அம்மா, நான்தாம்மா."

"எல்லாரும் நீங்கதான்ப்பா. நிக்காம போங்க, பின்னாடி கூட்டம் வருது."

அவன் தண்ணீரைக் குடித்தான். கப்பை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "முட்டி போயிடுச்சும்மா. இனிமே ஓடவே கூடாதுன்னுட்டாங்க. வேலையையும் விட்டுட்டேன். அங்க எனக்கு எதுவுமே சரியா இல்லம்மா. உன்கிட்ட உக்காந்து பேசணும்னுதான் வந்தேன்."

பாட்டு இரைச்சலில் அவளுக்கு முதல் சொல் மட்டும் காதில் விழுந்தது. "முட்டின்னா எதிர்ல டென்ட் இருக்கு, டாக்டர் இருக்காரு" என்றாள், அடுத்த கைக்குக் கப்பை நீட்டியபடி. அவன் வாசல் கேட்டைத் திறக்கப் போவது ஓரக்கண்ணில் பட்டது. "உள்ள போகக்கூடாதுப்பா! இன்னைக்கு இது வீடு இல்ல."

அவன் கேட்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு காலை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து டென்ட்டுக்குள் போனான்.

சற்றைக்கெல்லாம் வீட்டுக்காரர் விசில் குலுங்க ஓடி வந்தார்.

"நம்ம பையன் வந்திருக்கானாம்! எந்த முன்னறிவிப்பும் இல்லாம. டென்ட்ல உக்காந்து அழறானாம், வயர்லெஸ்ல சொன்னாங்க. உன் கையாலதான் தண்ணி வாங்கிக் குடிச்சானாம். நீ பார்க்கலையா?"

அம்மாவின் இரண்டு கையிலும் கப்பு இருந்தது. தெருமுனையில் பெருங்கூட்டம் ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் புருவத்தைச் சுருக்கி, காலையிலிருந்து கடந்துபோன நெஞ்சுகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள்.

"நம்பர் என்ன?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரர் வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோய், விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.