கஃபீல் இல்லாத நாடு

வளைகுடாவில், முசஃபாவில் உள்ள எங்கள் தொழிலாளர் கேம்ப்பின் பதினான்காம் ரூம் சென்ற சித்திரையில் இரண்டு நாடுகளாகப் பிரிந்தது. இரத்தம் சிந்தவில்லை. கொஞ்சம் ரசம் சிந்தியது.

பிரிவினைக்குக் காரணம் ஒரு டியூப்லைட். கதவோரக் கட்டில்காரர்களுக்கு மத்தியான ஷிஃப்ட். காலை முழுக்க ரூமில் இருந்து ஊருக்கு வீடியோ கால் பேசுவார்கள். முகம் தெரிய வேண்டுமே என்று லைட் எரியும். ஏசியோரக் கட்டில்காரர்களாகிய நாங்கள் நைட் டூட்டி; விடிந்து வந்து படுக்கிற ஜாதி. எங்களில் ரெங்கராஜ் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் சிமெண்ட் மூட்டைகளை மிகப் பதவிசாக சூப்பர்வைசரின் கார் மேல் இறக்கி வைத்து, வார்னிங் வாங்கியிருந்தார். இன்னொரு தடவை டூட்டியில் கோளாறு என்றால் விசா கேன்சல்.

"மாப்ள, லைட்ட அமத்துப்பா. செத்த நேரம் கண்ண மூடுறேன்" என்றார் ரெங்கராஜ்.

"அமத்துனா நான் சிரிக்கிறனா மொறைக்கிறனான்னே தெரியலங்கிறா எம் பொண்டாட்டி ஜோதிமணி" என்றார் கதவோரத் தலைவர் சுரேஷ்குமார். "சுவிட்ச் எங்க பக்கம் இருக்கு. அது எங்க இறையாண்மை."

அந்தச் சொல்லை எந்தச் செய்தியில் பிடித்தாரோ தெரியாது. அது வாயை விட்டு வந்ததும் பேச்சுவார்த்தை முறிந்தது. ரெங்கராஜ் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டார். குளிர்நாடு உதயமானது, அவரே பிரதமர்.

நாட்டின் பூகோளம் சிக்கலானது. ஏசி எங்களுடையது. கதவு அயல்நாட்டில். பாத்ரூம் போவதென்றாலும் அந்நிய மண்ணைக் கடக்க வேண்டும். சுரேஷ்குமார் மனிதாபிமான அடிப்படையில் அனுமதித்தார். பதிலுக்கு அவருடைய ஆட்கள் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஏசிக்கு முதுகைக் காட்ட வந்தார்கள். இதை எல்லை மீறல் என்று கருதிய மந்திரிசபை, வெளிநாட்டுப் பாதுகாப்பு உதவியும் உலக அங்கீகாரமும் கோருவதென்று முடிவு செய்தது. வெளியுறவுத் துறை அருள்முருகனுக்கு. அவருக்கு இந்தி தெரியும். இஸ்திரி போட்ட சட்டையும் ஒன்று இருந்தது.

முதலில் கேட் வாட்ச்மேன், பெஷாவர்க்காரர் அஸ்கர் அலியிடம் போனார். "பாய், எங்க நாட்டுக்கு செக்யூரிட்டி சாஹியே."

அஸ்கர் அலி தாடியைத் தடவினார். "அச்சா. கஃபீல் கோன்?"

கஃபீல் என்றால் நமக்காகக் கையெழுத்துப் போட்ட பொறுப்பாளி. ஒருவன் இந்த ஊரில் இருக்கிறான் என்பதற்கு அவன் உடம்பு போதுமான ஆதாரமாகாது, கஃபீல் வேண்டும். நாட்டுக்கு மட்டும் விதிவிலக்கா என்ன?

மெஸ் சமையல்காரர் சாதிக் பாட்ஷாவும் அதையே கேட்டார். "தனி நாடா? தாராளமா அங்கீகரிக்கிறேன் தம்பி. சாம்பாரத் தனி வாளியில அனுப்புறேன். வாளி மேல யாரு கஃபீல்னு எழுதணுமே, யாரு?"

மந்திரிசபை கூடியது.

"உலகத்துல எல்லா நாட்டுக்குமா கஃபீல் இருக்கு?" என்றார் ரெங்கராஜ்.

"இல்லாமயாண்ணே? பெரிய நாடு இருமுனா சின்ன நாடெல்லாம் தண்ணி எடுத்துக்கிட்டு ஓடுதே, எதுக்கு?" என்றார் அருள்முருகன்.

கடைசியில் கேம்ப் பாஸ் வாசு கஃபீலாக இருக்க இசைந்தார். பாலக்காட்டுக்காரர், பொறுப்பானவர். "ஒண்ணும் பேடிக்கண்டா, பயம் வேண்டா. நாட்டோட பாஸ்போர்ட்டக் கொண்டா. என்டெ அலமாரில பத்திரமா இருக்கும்."

"ஆளோட பாஸ்போர்ட்ட வாங்கி வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே சார்?" என்றார் அருள்முருகன்.

"அது ஆளுக்கு. நாட்டுக்கு இல்லல்லோ."

மறுக்க முடியாத வாதம். ஆனால் குளிர்நாட்டிடம் பாஸ்போர்ட் இல்லை. அது நாடுதான் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி போர்வை. அதை அவிழ்த்துக் கொடுத்தோம். வாசு மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அன்றே அங்கீகாரம் குவிந்தது. அஸ்கர் அலி சல்யூட் அடித்தார். தனி வாளி வந்தது. எல்லை மட்டும் இல்லை. லைட் நேராகப் பிரதமர் முகத்தில் விழுந்தது.

"அங்கீகாரம் வந்தப்புறம் எல்லை எதுக்குண்ணே" என்று வெளியுறவு மந்திரி ஆறுதல் சொன்னார். பிரதமர் கைலியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அயல்நாட்டில் புகைச்சல் கிளம்பியது. "அவங்களுக்குத் தனி வாளி, காவக்காரன். நம்மள எவன் மதிக்கிறான்?" என்று சுரேஷ்குமார் நேரே அஸ்கர் அலியிடம் போய் நியாயம் கேட்டார்.

"கஃபீல் கோன்?"

தாய்நாட்டுக்கே கஃபீல் இல்லை என்ற உண்மை அப்போதுதான் வெளிப்பட்டது. சுரேஷ்குமார் பதறியடித்து வாசுவிடம் ஓடினார். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக, தம் இறையாண்மையாகிய டியூப்லைட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

ஜன்னலில்லாத ரூம் இருண்டது. ரெங்கராஜ் தூங்கினார். வீடியோ கால் பேச வழியில்லாமல் கதவோரமும் படுத்தது. மத்தியான பஸ் வந்தது. எழுப்ப வந்த டிரைவரை அஸ்கர் அலி ஒப்பந்தப்படி வாசலிலேயே மறித்தார். "ஃபாரின் கன்ட்ரி. மாஃபி என்ட்ரி." மாஃபி என்றால் இல்லை. ராத்திரி பஸ் டிரைவருக்கும் அதே மரியாதை கிடைத்தது. இரண்டு நாடுகளும் குறட்டையில் ஒன்றுபட்டிருந்தன.

விசாரணைக்கு ஹெட் ஆபீசிலிருந்து அதிகாரி வந்தார். ரெங்கராஜ் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டே போய் நின்றார்.

அதிகாரி கணக்குப் போட்டார். ரூமின் பன்னிரண்டு பேரையும் ஊருக்கு அனுப்பினால் பன்னிரண்டு பேரைக் கொண்டுவர வேண்டும். "ஒருத்தர் தூங்கினால் அது ஒழுங்கீனம். ஒரு ரூமே தூங்கினால் அது வெளிச்சக் குறைபாடு" என்று தீர்ப்பளித்தார். யாருக்கும் கேன்சல் இல்லை. ரெங்கராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

குறைபாடு மறுநாளே களையப்பட்டது. கேம்ப்பின் எல்லா ரூம்களிலும், கம்பிக் கூண்டுக்குள், சுவிட்சே இல்லாத எல்.இ.டி. விளக்கு. இருபத்துநாலு மணி நேரமும் எரியும். போர்வை கட்டத் தடை.

சுரேஷ்குமார் வீடியோ கால் போட்டார். ஜோதிமணிக்கு ஒரே பூரிப்பு.

"இப்பத்தாங்க பளிச்சுனு தெரியிறீங்க. ஏங்க, ஒங்க பின்னாடி ஒருத்தர் படுத்திருக்காரே, கண்ணு கொட்டாம மேலயே பாத்துக்கிட்டு. யாரு அவரு?"

சுரேஷ்குமார் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பக்கத்து நாட்டுப் பிரதமர்."