இரண்டாவது வயலினுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

மரக்காணம்,
ஆடி மாதம், ஞாயிறு மதியம்.

பாசமுள்ள அருள்மொழி அக்காவுக்கு,

தங்கை ஜெயப்ரியா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். மழை இன்னும் எட்டிப் பார்க்காததால் உப்பளத்தில் உப்பும் சுகம். அங்கே நீயும் உன் வயலினும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். "அக்காகிட்ட போன்ல சொல்லக்கூடாது" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தச் சத்தியத்தில் கடிதம் என்ற சொல் வரவில்லை.

உனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்த செய்தி வந்ததும் அப்பா டீக்கடைக்குப் போய், பொண்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்துவிட்டாள் என்று சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் வருத்தப்பட வேண்டியதெல்லாம் அங்கேதான் தொடங்கியது. நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் என்ன என்று உனக்கு மறந்திருக்கலாம். லாரி அகலத்துக்கு மேடை, சுற்றிலும் கலர் லைட், ஜிகினா கோட்டு போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்து "அடுத்ததாக" என்று இழுப்பார், பிறகு சினிமாப் பாட்டு. அதனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. விழாக்குழுத் தலைவர் குப்புசாமி மாமா மட்டும், கீபோர்டு யாரு என்று விசாரித்தாராம். இதுக்கு எதுக்கு ஜெர்மனி, திண்டிவனத்துலயே நல்ல செட்டு இருக்குதே என்று அங்கலாய்த்தாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. நூலகத்தில் எடுத்த இசைப் புத்தகத்தோடு போய் மாமாவுக்கு விளக்கினேன். தொண்ணூறு பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள், முன்னால் ஒருவர் குச்சியோடு நிற்பார், அவர் எதையும் வாசிக்க மாட்டார் என்றேன். மாமா யோசித்துவிட்டு, "தொண்ணூறு பேரு வேலை செய்றாங்கோ, ஒருத்தர் குச்சி வச்சிக்கினு நிக்கிறாரு. இன்னாம்மா புதுசு? நம்ம உப்பளத்து மேஸ்திரி" என்றார். பக்கத்தில் இருந்த அப்பாவுக்கு அப்போதுதான் உன் வேலை முழுதாகப் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவைத்தது இதைவிட மோசம். நீ இரண்டாவது வயலினில் இருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். அது ரேங்க் இல்லை, பாட்டில் ஒரு பகுதி என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், நீ முதல் வயலினாக வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை விரதம் ஆரம்பித்துவிட்டாள். வேலைக்கான தேர்வில் உன்னைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்து, முகம் பார்க்காமல் கேட்டார்கள் என்பதையும் நான் சொல்லியிருக்க வேண்டாம். "பொண்ணு பாக்க வர்றவங்க கூட மூஞ்சியப் பாத்துட்டுத்தான் வேணாம்னு சொல்வாங்க" என்று அன்று முழுக்கப் புலம்பினாள்.

இதெல்லாம் பரவாயில்லை அக்கா. போன வாரம் குப்புசாமி மாமா ஆட்களோடு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மனுக்குக் கூழ் ஊத்துற அன்னிக்கு உன் ஆர்க்கெஸ்ட்ராதான் வேண்டுமாம். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கிவிட்டார். நான் டியூஷனிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, மறுநாளே பேனரும் வந்தாச்சு. 'ஜெர்மனி புகழ் அருள்மொழி இன்னிசைக் குழு' என்று போட்டு, உன் பத்தாம் வகுப்பு போட்டோவை ஒட்டி, கையில் ஒரு கிட்டாரைக் கொடுத்திருக்கிறார்கள். ரெட்டை ஜடையோடு இருக்கிறாய்.

தொண்ணூறு பேரும் வரமாட்டார்கள், நீயும் வரமுடியாது, உனக்கு இது சோதனை வருஷம், கூட வாசிக்கிறவர்கள் ஓட்டுப் போட்டால்தான் வேலை நிலைக்கும் என்று சாப்பிடும்போது சொன்னேன். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "வெத்தல பாக்கு வாங்கிட்டேனேம்மா. அம்மன் பேர சொல்லிக் குடுத்தத எப்பிடித் திருப்புறது?" என்றார். உனக்குத் தெரிந்தால் ஓட்டு, வேலை எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்துடுவ என்ற பயத்தில்தான் அந்தச் சத்தியம். கை கழுவிவிட்டு வந்து வாசலைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னார்: "அவ வாசிச்சு நானே ஒரு தரம் கேட்டதில்ல. ஊருக்கு எப்பிடிக் கேக்க வைக்கப் போறேன்?"

நிஜம்தானே அக்கா. நீ கற்றதெல்லாம் இடையஞ்சாவடி அத்தை வீட்டில் தங்கி, ஆரோவில்லில். லீவுக்கு வந்தாலும் பெட்டியைத் திறக்க மாட்டாய், உப்புக் காத்துல கம்பி துருப்பிடிச்சிடும்பாய். அப்பாவும் உப்பளத்திலிருந்து வந்ததும் படுத்துவிடுவார். ஒரு ரூமு கட்டி, கதவச் சாத்திக்கினு வாசிம்மான்னு சொல்லியிருக்கலாம், உப்பைப் பத்தி எனக்குத் தெரியாததா என்று இப்போது அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே என் வேண்டுகோள். நீ வர வேண்டாம். ஒரே ஒரு சினிமாப் பாட்டைத் தனியாக வாசித்துப் போனில் பதிவு செய்து அனுப்பு. மேடை ஸ்பீக்கரில் போட்டுவிடலாம். வாங்கிய வெற்றிலைக்கு மரியாதை, அப்பாவும் கேட்ட மாதிரி இருக்கும். அங்கே உன்னோடு வாசிக்கும் எல்லாருக்கும், முக்கியமாக ஓட்டுப் போடப்போகிறவர்களுக்கு, என் வணக்கங்கள். அம்மன் உன் விரல்களையும் கம்பிகளையும் துரு அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
புத்தி சொன்னாலும் வயதில் சின்னவளான,
ஜெயப்ரியா

பி.கு.: திங்கள் காலை தபாலாபீசில் கேட்டேன். இது உன் கைக்கு வருவதற்குள் திருவிழா முடிந்து பேனர் யார் வீட்டுக் கூரையிலாவது ஏறியிருக்குமாம். அதனால் மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். வீட்டுக்கு வந்தால், மேடையில் பேசுவதற்காக அப்பா கண்ணாடி முன்னால் சட்டை போட்டுக்கொண்டு நின்று சொல்லிப் பார்க்கிறார்: "எம் பொண்ணு வரலீங்க. அவ ரெண்டாவது வயலின். அவ இல்லன்னா அங்க கச்சேரியே நடக்காது." நடக்கும் என்று எனக்குத் தெரியும், புத்தகத்திலேயே இருக்கிறது. நான் திருத்தவில்லை.