கடலுக்குச் சும்மா போகக் கூடாதா?

புன்னைத்துறை,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.

சிரஞ்சீவி மைத்துனர் அரவிந்தனுக்கு அத்தான் துரைக்கண்ணு எழுதுவது. நீயும் கவிப்ரியாவும் பிள்ளைகளும் சென்னையில் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன, யோசனை சொல்பவர்கள் எப்போதும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். இங்கே மாடு கன்று நலம். உளுந்து நன்றாக முளைத்திருக்கிறது. நான்தான் நலமில்லை. போனில் திட்டினால் பாதியில் "டவர் இல்ல அத்தான்" என்று வைத்துவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். இதை வைத்துவிட முடியாது, கடைசி வரை படித்தே ஆக வேண்டும்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ என்ன சொன்னாய்? "அத்தான், கல்யாணமானதுலேருந்து அக்காவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? ராமநாதபுரம் பக்கம் புன்னைத்துறைன்னு ஒரு ஊரு. வெள்ள மணலு. ஆள் நடமாட்டமே கெடையாது. பாசஞ்சர்ல போயி டவுன் பஸ் புடிச்சா செலவே இல்ல. மெஹராஜ் பேகம்னு ஒரு அம்மா, அவங்க வீட்டு மாடியில கம்மி வாடகைக்கு ரூம் தருவாங்க" என்றாய். சொல்லிவிட்டுக் கறிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு ரயிலேறிப் போய்விட்டாய். உன் அக்கா பூவம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நாம ரெண்டு பேரு மட்டும் போவணும். அங்க நான் யாருக்கும் சோறாக்க மாட்டேன். கடலப் பாத்துக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருப்பேன்" என்றாள். நகை, புடவை என்று எதையும் அவள் இப்படி ஒரு முகத்தோடு கேட்டதில்லை. நானும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்தவன் வாயை மூடிக்கொண்டு போயிருக்க வேண்டும். டீக்கடையில் போய், கடலுக்குப் போகிறோம் என்று சொல்லித் தொலைத்தேன். நம் பக்கத்து ஆட்கள் கடலுக்கு எதற்குப் போவார்கள் என்று உனக்குத் தெரியாதா? ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்கப் போவார்கள், அஸ்தி கரைக்கப் போவார்கள், உடம்பு தேறினால் முடி கொடுக்கிறேன் என்று வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு போவார்கள். "அஸ்தியா?" என்றார்கள். இல்லை என்றேன். "வேண்டுதலா?" என்றார்கள். இல்லை, சும்மா என்றேன். அவ்வளவுதான். எனக்கு ஏதோ தீராத வியாதி, டாக்டர் கைவிரித்துவிட்டார், வெளியில் சொல்லாமல் ரகசியமாக வேண்டுதல் செலுத்தப் போகிறேன் என்று பொழுது சாய்வதற்குள் தெருவே முடிவு கட்டிவிட்டது. வரப்புத் தகராறில் என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளி அரசப்பன் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். "பங்காளிகிட்ட சொல்லாம யாருகிட்டடா சொல்லப்போற?" என்றான். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாதவன் எதுக்குடா சும்மா கடலுக்குப் போறான்?" என்றான். அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

மறுநாள் விடியற்காலையில் நானும் உன் அக்காவும் ஆளுக்கொரு பையோடு திருத்துறைப்பூண்டி ஸ்டேஷனுக்குக் கிளம்பினால், வாசலில் ஒரு வேன் நிற்கிறது. உள்ளே தெருவே உட்கார்ந்திருக்கிறது. மேலே அண்டா, அரிசி மூட்டை, விறகு. பின்சீட்டில் முடியெடுக்கிறவர் வேறு. "தனியாப் போனா செலவு. கூட்டமாப் போனா ஆளுக்குக் கொஞ்சம்தான்" என்கிறான் அரசப்பன். நீ சொன்ன சிக்கனம் எப்படி வந்து முடிந்தது பார்த்தாயா? என் முதுகுக்கு ஒருத்தி தலையணை வைக்கிறாள், இன்னொருத்தி விசிறுகிறாள், ஜன்னலோரம் உட்காராதே, காற்று ஆகாது என்கிறாள். ஏர் கட்டிய உடம்படா இது! நான் தும்மியபோது வேனில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உன் அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நீ சொன்னதில் பொய் இல்லை, மணல் வெள்ளைதான். ஆள் நடமாட்டமும் இல்லை, நாங்கள் போய் இறங்கும்வரை. அரசப்பன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் "இங்க கோயில் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். "கோயிலா? இங்க கடல்தாங்க இருக்கு" என்றார் அவர். "அப்ப கடலே போதும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பால் மாதிரி மணலில் கல் கூட்டி அண்டாவை ஏற்றிவிட்டார்கள். சாம்பாருக்கு உப்பு பார்க்க, புளி கரைக்க, எல்லாவற்றுக்கும் "பூவம்மா, பூவம்மா" என்று ஒரே கூப்பாடு. யாருக்கும் சோறாக்க மாட்டேன் என்று சொன்னவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஒரு வேன் ஜனத்துக்குச் சாம்பார் கிண்டினாள். ஒரே ஒரு தடவை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் அவள் கரண்டியாலேயே அடித்திருக்கலாம். எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

முடி கொடுக்க மாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அரசப்பன் என்ன செய்தான் தெரியுமா? "நீ ஒக்காரலன்னா போ. ஒனக்காக நான் ஒக்கார்றேன்" என்று சொல்லித் தன் தலையைக் கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் நான் எந்த முகத்தோடு முடியை வைத்துக்கொண்டு நிற்பது? இப்போது பேகம் வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன், கடல் காற்று மொட்டையில் நேராக அடிக்கிறது. சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் வேனில் திரும்ப வேண்டுமாம். கொடுத்த வாக்கு போயிற்று, தலைமுடியும் போயிற்று. இனி வெள்ளை மணல், அமைதி என்று எங்கள் வீட்டில் வாயைத் திறந்தாயோ, உனக்குக் கறிக்குழம்பு கிடையாது. பழைய சோறுதான், அதையும் நீயே போட்டுச் சாப்பிட வேண்டும்.

கவிப்ரியாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு, கோபம் தணிந்தபின் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன்னால் மொட்டையான அத்தான்,
துரைக்கண்ணு.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. வேன் போய்விட்டது, நாங்கள் போகவில்லை. ஏறச் சொன்னபோது உன் அக்கா கையைக் கழுவிக்கொண்டே, "வேண்டுதலுக்காரங்க தல முழுகினா மூணு நாளு கடக்கரையிலயே தங்கணும். பங்காளிங்க மொகத்துல முழிக்கக் கூடாது" என்றாள். இது எந்த ஊர் முறை என்று அரசப்பன் கேட்டான். "வேண்டிக்கிட்டது நானு. எனக்குத் தெரியாதா?" என்றாள். அரசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "அந்த வரப்ப நீ சொன்ன எடத்துலயே போட்டுக்கடா. ஒடம்புதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு ஏறினான். ஆகவே ஆடி மாதம் வரைக்குமாவது நான் கொஞ்சம் இருமிக்கொண்டிருக்க வேண்டும். நீ ஊருக்கு வந்து "நல்லா இருக்கீங்களே அத்தான்" என்று உளறி வைக்காதே. பேகம் உன் அக்காவை அடுப்படிப் பக்கமே விடவில்லை. அடுத்த மாசிக்கும் இதே அறையைச் சொல்லி வை.

பேகம் இப்போது மாடிக்கு டீ கொண்டுவந்தார். "அந்தம்மா எதுக்குங்க வெயில்ல தனியா ஒக்காந்திருக்காங்க?" என்று கேட்டார். சும்மாதான் என்றேன். "ஒக்காரட்டும், ஒக்காரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் அக்கா கீழேயிருந்து திரும்பிப் பார்க்கிறாள். பக்கத்து மணலைக் கையால் தட்டிச் சமன் செய்து இடம் போடுகிறாள். நான் போகிறேன்.