வெள்ளைச்சாமியின் கால்சத்தம்

நெய்வேலி நகரியம்,
20.1.1986

துபாயில் இருக்கும் மரியாதைக்குரிய நல்லசாமி மச்சான் அவர்களுக்கு, பரமசிவம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை சந்திரகலாவும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன், ஆவல் பாதியாகிவிட்டது.

"துரைராஜ் சொல்றபடி சத்தத்தை நிறுத்திட்டு விளையாட்டை மட்டும் கண்காட்சியில வைங்களேன், எதுக்கு வீம்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் நகரியப் பொழுதுபோக்கு மன்றச் செயலாளர் துரைராஜ் உங்களோடு படித்தவர். அவர் சொன்னால் நியாயம், நான் சொன்னால் வீம்பா?

நீங்கள் அனுப்பிய கம்ப்யூட்டரை டி.வி.யில் மாட்டி, ஷிஃப்ட் முடிந்து வந்து ஆறு மாதம் உட்கார்ந்து நான் உருவாக்கியவன் வெள்ளைச்சாமி. கருப்புத் திரையில் வெள்ளையாக ஓடுவதால் உங்கள் தங்கை வைத்த பெயர். எங்கள் சுரங்கத்தில் நிலக்கரி சுமக்கும் கன்வேயர் பெல்ட் மாதிரி ஒன்றின் மேல் ஓடுவான், நிலக்கரிக் கட்டி வந்தால் தாண்டுவான், அவ்வளவுதான் விளையாட்டு. ஓடுகிறவனுக்குக் கால்சத்தம் வேண்டாமா? முதலில் அரை விநாடிக்கு ஒரு 'டக்' வைத்தேன். இவன் தலைதெறிக்க ஓடுகிறான், சத்தம் மட்டும் சாப்பிட்டுவிட்டு உலாத்துகிறவர் மாதிரி பின்னால் வருகிறது. சரி, சத்தத்தைக் கொஞ்சம் நீட்டலாம் என்றால், அது முடியும்வரை கம்ப்யூட்டர் வேறு வேலையே பார்க்காதாம், அந்தரத்தில் காலைத் தூக்கியபடி நிற்கிறான். "ஐயோ பாவம், முள்ளு குத்திடுச்சாங்க?" என்கிறாள் உங்கள் தங்கை. மூன்று மாதம் இப்படியே போனது. ஒருநாள் சுரங்கத்தில் பெல்ட் பக்கம் நிற்கும்போதுதான் உறைத்தது. பெல்ட் வேகமெடுத்தால் உருளைச் சத்தமும் தானாக நெருங்கி வருகிறதே, அதற்கு யார் மணி பார்த்துச் சொல்கிறார்கள்? வந்து கடிகாரக் கணக்கையெல்லாம் அழித்தேன். கால் தரையில் பட்டால் மட்டும் ஒரு குட்டி 'டக்' என்று எழுதினேன். நடந்தால் டக், டக். ஓடினால் டக்டக்டக்டக். அன்றைக்கு அழுதேன் மச்சான், சொல்ல வெட்கமில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெல்ட் கிளம்புமுன் ஊதும் எச்சரிக்கைச் சங்கையும் சேர்த்தேன், அதுதான் வினை. புத்தாண்டன்று கண்காட்சி ஒத்திகைக்கு மன்றத்தில் பெல்ட் மாதிரியே நீளமாகத் தென்னைநார் விரிப்பு போட்டு ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் சங்கு ஊதியது. பாதிப் பேர் பெல்ட்டில் வேலை பார்க்கிறவர்கள். சங்கு கேட்டால் பெல்ட்டை விட்டுக் குதித்தே பழகிய உடம்பு. அத்தனை பேரும் எழுந்து விரிப்பின் இரண்டு பக்கமும் குதித்துவிட்டார்கள். துரைராஜ் டீ கேனோடு சேர்ந்து விழுந்தார். "எவன்யா பெல்ட்டை ஓட்டுனது?" என்று வேட்டியைப் பிழிந்துகொண்டே கத்தினார். "இனிமே சத்தம் வந்தா உன் விளையாட்டு வெளியே" என்று அங்கேயே உத்தரவும் போட்டார்.

போகட்டும். சத்தம் போனால் வெள்ளைச்சாமியின் கால் தரையில் படாது, மிதப்பான். மிதக்கிறவனை நான் நாலு பேர் முன்னால் நிறுத்த மாட்டேன். அவனையும் அவன் சத்தத்தையும் பிரிக்கத் துரைராஜ் என்ன, நீங்களே விமானம் ஏறி வந்தாலும், எங்கள் பெரிய அதிகாரியே வாசலில் வந்து நின்றாலும் முடியாது, முடியாது, முடியாது. இருபத்தாறாம் தேதி குடியரசு தினக் கண்காட்சியில் இடமில்லையா, என் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் வைத்து ஓட்டுவேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எவருக்கும் வளையாத
பரமசிவம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் சுரங்கப் பாதுகாப்புப் பிரிவின் பெரிய அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். ஒத்திகையில் அவரும் குதித்தவர்தானாம். தோளில் கைபோட்டு, "பிரமாதமான சங்குச் சத்தம் பரமசிவம்! புது ஆளுங்க பயிற்சிக்கு எடுத்துக்கறோம். இனிமே அங்கே மட்டும்தான் அது கேக்கணும். மன்றத்துல பொம்மை எந்தச் சத்தமும் இல்லாம சும்மா ஓடட்டும்" என்றார். "சரிங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது, என்னுடையதுதான். அவர் போனபிறகு உங்கள் தங்கை டி.வி.யைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்ப அவன் ஓடறது அவனுக்கே எப்படிங்க தெரியும்?" நான் உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கிறேன், மச்சான்.