கோழிக்கு வைத்த மீட்டர்

இனிமேல் குடம் தூக்குவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை சபதம் எடுத்தேன். சத்தமாக எடுக்கவில்லை. என் மனைவி ஜோதி பக்கத்தில் இருந்தாள்.

நாமக்கல்லில் எங்களுடையது மாடி வீடு. வீட்டுக்குள் குழாய் சமையலறையில் மட்டும்தான், திறந்தால் போர்த் தண்ணீர் கொட்டும். அதைத் தண்ணீர் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. சோப்புப் போட்டால் நுரை வராது, கோபம்தான் வரும். அதில் குளித்துக் குளித்து, என் தலையில் முடி இருந்த இடத்தில் இப்போது அதன் ஞாபகம்தான் இருக்கிறது. பருப்பை அதில் வேக வைத்தால், குக்கர் எட்டு விசில் அடித்தாலும் பருப்பு அசைந்து கொடுக்காது.

ஆகவே குடிக்க, சமைக்க எல்லாம் காவேரித் தண்ணீர்தான். அது நான்கு நாளைக்கு ஒருமுறை, காலை ஐந்து மணிக்கு, ஒரு மணி நேரம் வரும். வேகம் போதாது என்று வாசலில் குழி வெட்டி, குழிக்குள் குழாய் வைத்திருக்கிறோம். ஜோதி குழிக்குள் இறங்கிப் பிடித்துக் கொடுப்பாள். நான் மாடிக்குத் தூக்கிப்போய் டிரம்மில் ஊற்றுவேன். இருபது குடம். பதினெட்டுப் படி. பதினாறு வருஷம். தண்ணீர் நாளில் ஏழு மணி வரை தூங்குவது எப்படி இருக்கும் என்றே எனக்கு மறந்துவிட்டது.

ஆனால் வெளியே என் மதிப்பே வேறு. கோழித்தீவனக் கம்பெனியில் வேலை. எருமப்பட்டிப் பக்கம் பண்ணை பண்ணையாகப் போய், கோழி குடிக்கும் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று மீட்டர் வைத்துச் சொல்வேன். பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். எண் குறைந்தால் பண்ணைக்காரர் முகம் மலரும். கூடினால், "இப்ப என்னங்க பண்றது?" என்று என் முன்னால் கையைக் கட்டி நிற்பார். அத்தனை முதலாளிகளும் நம்புகிற மீட்டரை ஒரு மனைவி நம்ப மாட்டாளா என்ன?

டம்ளரில் காவேரித் தண்ணீரை எடுத்து மிக்ஸிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஜோதியைக் கூப்பிட்டு, அவள் கண்ணெதிரே குழாயைத் திறந்து இன்னொரு டம்ளரில் போர்த் தண்ணீர் பிடித்தேன்.

"அய்யோ, பல்லி!" என்றேன்.

அவள் திரும்பினாள். டம்ளர் மாறியது.

"எங்கீங்க பல்லி?"

"போயிருச்சு. அதை உடு, இங்க பாரு." மீட்டரை முக்கினேன். "இருநூத்தி முப்பது!"

"அப்படீன்னா என்னங்க?"

"நம்ம போரு திருந்திருச்சுன்னு அர்த்தம். போன மாசம் மழை பேஞ்சுது பாரு, ஊத்து மாறிப்போச்சு. காவேரிக்கும் இதுக்கும் இனி வித்தியாசமே இல்ல. எதுக்குப் பொழுது விடியறதுக்குள்ள எந்திரிச்சுக் கொடம் தூக்கோணும்?"

"மீட்டரு பொய் சொல்லாதுங்களா?"

"மீட்டரு பொய்யே சொல்லாது," என்றேன். அன்றைக்கு நான் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

ஜோதி டம்ளரை எடுத்து ஒரு மொடக்குக் குடித்தாள். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினாள்.

"ஆமாங்க, நெம்ப நல்லா இருக்குது. படிச்சவங்க படிச்சவங்கதான். நாளைக்குத் தண்ணி நாளு. வந்தா வந்துட்டுப் போவட்டும், நாம தூங்கலாம்."

என் பேச்சுக்கு அவள் 'ஆமாங்க' சொன்னது கல்யாண மேடையில்கூட இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஹாலுக்குப் போய்த் தனியாக ஒருமுறை ஆடினேன்.

மறுநாள் ஏழு மணிக்கு எழுந்தேன். உலகம் அவ்வளவு அழகாக இருந்தது. டிரம்மைப் போர்த் தண்ணீரால் நானே நிரப்பினேன். மத்தியானம் சாம்பார் சாதத்தில் கை வைத்தேன். பருப்பு விரலில் குத்தியது.

"ஏனுங்க," என்றாள் ஜோதி, பச்சைப் பிள்ளை மாதிரி. "மீட்டரு இருநூத்தி முப்பது காட்டுச்சு. பருப்பு ஏங்க வேகல?"

"பருப்பு பழசு."

"டீயும் ஒரு மாதிரி ஏடு கட்டிக்கிச்சுங்க."

"டீத்தூளும் பழசு."

"அப்பப் புதுசா ரெண்டும் வாங்கியாங்க. ஞாயித்துக்கெழமை எங்க வெண்ணிலா சேந்தமங்கலத்துலருந்து வாரா. நம்ம போர்த் தண்ணி இனிப்பாயிருச்சுன்னு போன்ல சொன்னேன். அவளால நம்பவே முடியல. சாம்பாரு வெச்சு அசத்தோணும். அவளுக்கு முடி வேற கொட்டுதாம், நம்ம தண்ணியில தலைக்கு ஊத்திக்கிறாளாம். ஆறு கொடம் பைப்புல புடிச்சு பாத்ரூம்ல வெச்சுருங்க."

வெண்ணிலா என் மச்சினிச்சி. அவளிடம் ஒரு விஷயம் போனால் கொல்லிமலை உச்சி வரைக்கும் போகும். அவள் முன்னால் பருப்பு வேகாவிட்டால் என் மானமும் போகும், கூடவே மீட்டரின் மானமும் போகும். மூன்று நாள் கடுக் கடுக்கென்று பருப்பை மென்றுகொண்டே யோசித்தேன். ஒரே வழிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி. ஜோதி குறட்டை விட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். குழிக்குள் நானே இறங்கி, நானே பிடித்து, நானே மேலேறி, நானே தூக்கினேன். டிரம்மில் ஊற்றும்போது சத்தம் வரக்கூடாது என்று பக்கவாட்டில் சரித்து, கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவது போல ஊற்றினேன். ஒன்பதாவது குடத்தில் கீழ் வீட்டுக் குப்பாயி அக்கா வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன சாமி, தனியாப் புடிக்கற? உங்க போர்த் தண்ணிதான் தேனாட்டம் ஆயிருச்சுன்னு ஜோதி சொன்னாளே?"

"அக்கா, மெதுவாப் பேசுங்க! ஜோதிக்குத் தெரியக்கூடாது!"

"நான் எதுக்குச் சாமி சொல்றேன்? எனக்கென்ன வந்துது?" என்றவர், உள்ளே போய் நான்கு காலிக் குடங்களோடு திரும்பினார். "இதையும் அப்படியே ரொப்பி அடுப்படியில வெச்சுட்டுப் போ சாமி. முட்டி வலி உசுரு போவுது."

டிரம்முக்கு இருபது, வெண்ணிலா தலைக்கு ஆறு, குப்பாயி அக்கா வாய்க்கு நான்கு. ஆகமொத்தம் முப்பது. அன்றைக்குச் சாம்பார் அமிர்தம். வெண்ணிலா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். "மாமா, உங்க ஊட்டுப் போர்த் தண்ணியாட்டம் நான் எங்கயும் பார்த்ததில்லீங்க மாமா," என்றாள். நானும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு தண்ணீர் நாளும் இதே கதைதான். ஜோதி புதிது புதிதாகக் கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க, இந்தத் தண்ணியில தொவைச்சா பட்டுச்சேலை பளபளங்குமாம். ஒரு நாலு கொடம்..."

"ஏனுங்க, மல்லிச்செடி வாடுது. ஒரு ரெண்டு கொடம்..."

பைப்பில்தானே பிடிக்கிறேன், எனக்கு என்ன வலிக்கிறது என்று கேட்பாள். எங்கே வலிக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். மூன்றாவது வாரம் பண்ணையில் தண்ணீர்த் தொட்டிக்குள் மீட்டரை முக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. பண்ணைக்காரர் சென்னியப்பன் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங்க, கால்சியம் கொறைஞ்ச கோழி இப்படித்தானுங்க நடக்கும். நீங்க உங்க ஊட்டுப் போர்த் தண்ணியே குடிக்கிறதில்லீங்களா? அதுல இல்லாத கால்சியமா?"

அன்று சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். ஜோதி டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் நல்ல தெளிச்சலாக, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. மானமாவது ஒன்றாவது, முதுகு இருந்தால்தானே மானம்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஜோதி, அன்னைக்கு நான் காட்டுனது காவேரித் தண்ணி. டம்ளரை மாத்திட்டேன். போரு திருந்தல. நான்தான் திருந்தோணும். பழையபடி ரெண்டு பேரும் சேர்ந்தே புடிக்கலாம்."

அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். டீயை வடிகட்டிக்கொண்டே, "தெரியுமுங்க," என்றாள்.

"எப்ப?"

"நீங்க ஹால்ல ஆடிட்டிருந்தீங்கல்ல, அப்பவே. குழாயத் தொறந்து ஒரு வாய் ஊத்திப் பார்த்தேன், நாக்கு நமநமங்குது. உங்களுக்கு மீட்டரு இருந்தா, எனக்கு நாக்கு இருக்குதல்லங்க?"

குழாய் அடுப்படியில்தான் இருக்கிறது, அதை அவளே திறந்து பார்க்கலாம் என்பது இத்தனை பெரிய நிபுணனுக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்ல? மூணு வாரமா என் முதுகு..."

"சொல்லியிருந்தா விடியக்காலம் உங்களோட நானுமில்ல குழிக்குள்ள எறங்கோணும்? கல்யாணமாகி இந்த மூணு வாரந்தாங்க தண்ணி நாள்ல நான் ஏழு மணி வரைக்கும் தூங்குனது," என்று டீயை என் கையில் கொடுத்தாள். "நாளைக்குத் தண்ணி நாளு. தெரிஞ்சு போச்சுங்கறதுக்காகத் தடதடன்னு படியேறாதீங்க. இத்தனை நாளாட்டம் பூனை மாதிரியே தூக்குங்க. எனக்குத் தூக்கம் கலையக்கூடாது."