இரண்டாம் வாத்தியக்காரர்

இரண்டாம் வாத்தியக்காரர் என்று ஒரு வகை மனிதர் உண்டு; ஒரு வாத்தியத்தில் தேர்ந்தபின் இன்னொன்றைக் கற்கப் புறப்பட்டவர். நீங்கள் பார்த்திருப்பீர்கள், பேருந்தில் உட்கார்ந்து தன் தொடைமேல் விரல்களை ஓட்டி, நடுவில் முகம் சுளித்து, "மன்னிக்கணும்" என்று முழங்காலிடம் சொல்பவர் அவர்தான்.

நான் அறிந்தவர் புல்லாங்குழல் ஆசிரியர். இருபது வருடமாக நன்றாகவே ஊதியவர். எந்த வாத்தியம் கற்றவரானாலும் பிள்ளைகள் பாடும்போது கூடவே பியானோ வாசித்தாக வேண்டும் என்று பள்ளியில் திடீரென விதி வந்தது. அதற்கு ஒரு தேர்வும் உண்டு, அதில் தேறாவிட்டால் பாட்டு வகுப்பு வேறொருவருக்கு; இவருக்கு விளையாட்டு மைதானமும் விசிலும். "அதுவும் ஊதற வேலைதானே சார்" என்று தேற்றினார் தலைமையாசிரியர்.

அவர் பயிற்சி செய்வதைப் பார்க்க வேண்டும். வலது கை வீட்டுக்காரனைப்போல் நடமாடும். இடது கை, நேர்காணலுக்கு வந்தவன் நாற்காலி விளிம்பில் உட்கார்வதுபோல் ஓரமாக இருக்கும். ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டு ஆழ்ந்து மூச்சிழுப்பார்.

"ஏங்க, வாசிக்கிறது விரல்தானே? மூச்சு எதுக்கு?" என்றார் மனைவி.

"பழக்கம்மா."

"இடது கைக்கு இன்னிக்கும் லீவா?"

"அது கத்துக்குது. அவசரப்படுத்தாதே."

பாட்டின் ஐந்தாவது வரியில் இடது கை தூரமாகத் தாவ வேண்டும். தாவாது. உடனே நிறுத்தி, "மன்னிக்கணும், முதல்ல இருந்து" என்பார். விட்ட இடத்திலிருந்து தொடரலாமே? தொடரமாட்டார். அது சங்கீதத்துக்குச் செய்யும் அவமரியாதையாம். மூன்று மாதம், பள்ளி விட்ட பிறகு, முப்பத்திரண்டு பிள்ளைகளைப் பாடவைத்து இப்படியே ஒத்திகை நடந்தது.

தேர்வு நாளில் அதிசயம் நிகழ்ந்தது. ஐந்தாவது வரியில் இடது கை தாவியது. விழவில்லை! கண்களை மூடி, அந்தக் கையை மட்டுமே கேட்டுக்கொண்டு, மூச்சைக்கூட மறந்து, பாட்டை முடித்தேவிட்டார்.

கண் திறந்தார். பிள்ளைகள் ஒரே குரலில், "மன்னிக்கணும், முதல்ல இருந்து" என்று சொல்லி, ஒன்றாக மூச்சிழுத்து, மூன்றாம் முறையாகப் பாட்டைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள்.

தேர்வாளர் அம்மாள் கையமர்த்தினார். "நல்லா வாசிச்சீங்க சார். ஆனா யாருக்கு?"

"அவங்கதான் மேடம் நின்னுட்டாங்க!"

முன்வரிசைச் சிறுமிக்கு அழுகை வந்துவிட்டது. "அஞ்சாவது வரியிலதானே சார் நிக்கணும்? நாங்க சரியாத்தான் நின்னோம். நீங்கதான் நிக்கல."

திங்கட்கிழமையிலிருந்து அவர் மைதானத்தில்.

சிரிக்கிறீர்களா? நீங்கள் பியானோவைத் தொட்டதே இல்லை, தெரியும். ஆனால் நீச்சலோ, புது மொழியோ, கார் ஓட்டுவதோ, ஏதோ ஒன்றைப் பல வருடமாகக் 'கற்றுக்கொண்டு வருகிறீர்கள்' அல்லவா? ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் நிறுத்துவீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் எல்லோரும் உங்களுக்கு முன்பே அங்கே போய் நின்றுகொண்டிருப்பார்கள்.