குருவிக்கு மண்டகப்படி

“ஏங்க, வார ஞாயித்துக்கிழமை உங்க மண்டகப்படிதான? நாங்களும் வாரோம்” என்றாள் முத்துராணி.

சிவசைலம் பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டார்.

“நாங்கன்னா யாரு?”

“திசையன்விளையில இருந்து எங்கண்ணன் வந்திருக்காவல்லா. ‘ஒன் வீட்டுக்காரரு பிளேன் ஓட்டுதாராக்கும்?’னு கேட்டுச் சிரிக்காவ. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ‘வந்து பாருங்க’ன்னுட்டேன்.”

பாத்திரக்கடை சிவசைலத்துக்குக் கடையில் ஏணி ஏறி, மேல்தட்டுக் குத்துவிளக்கை எடுக்கவே கால் நடுங்கும். ஆனாலும் ஆசை யாரை விட்டது! சீவலப்பேரி ரோட்டில், மூடிப்போன மில்லுக்காரர்கள் என்றோ போட்ட ஓடுதளம் சும்மா கிடந்தது. சிநேகிதர்கள் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து, இரண்டு சீட்டு விமானம் ஒன்றைப் பழையதாக வாங்கி, ‘குருவி’ என்று பெயர் வைத்தார்கள். பறக்கச் சொல்லிக்கொடுக்க எப்சி என்ற பைலட் பெண்ணையும் அமர்த்தினார்கள்.

யாருக்கு எந்த நாள் என்று சண்டை வராமலிருக்க, கோயில் திருவிழாவில் நாளுக்கு ஒருவர் செலவை ஏற்று நடத்துகிற மண்டகப்படி ஏற்பாடுதான். முதல் ஞாயிறு அரிசி மண்டி ஹபீப் முகம்மது மண்டகப்படி. அடுத்தது காது டாக்டர் மாதுரி, அப்புறம் டயர்க்கடை மந்திரமூர்த்தி, கடைசியில் சிவசைலம். அன்றைய பெட்ரோலும் சுண்டலும் மண்டகப்படிக்காரர் பொறுப்பு. ஒருவர் நாளில் இன்னொருவர் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்தவர் செயலாளர் சிவசைலம். மற்ற மூவரும் மறுபேச்சில்லாமல் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

விதி எதற்கென்று சிவசைலத்துக்குத் தெரியும். தன் நாளில் எப்சி கையில் சுண்டலைக் கொடுத்து, “வயிறு சரியில்லம்மா, நீ மட்டும் ஒரு சுத்து போயிட்டு வா. யார்ட்டயும் சொல்லிராத” என்பார். கொட்டகையில் பாயை விரித்துப் படுத்துவிடுவார். குருவி வீட்டுக்கு மேலே போகும்போது முத்துராணி மொட்டைமாடியில் நின்று பச்சைத் துண்டை ஆட்டுவாள். சாயந்தரம் இவர் கூசாமல், “பாத்தேன், பாத்தேன்” என்பார். தெருவே அவரைக் ‘கேப்டன்’ என்று கூப்பிட்டது. இப்போது அந்தப் பட்டம் போகப்போகிறது, மச்சான் முன்னால் பெண்டாட்டி மானமும் சேர்ந்து போகப்போகிறது.

“கிளப்புல விதி இருக்கு முத்து. வேற ஆளு வரக் கூடாது.”

அவள் உடனே ஹபீப் முகம்மதுக்கு போன் போட்டாள். பேசிவிட்டு இவரிடம் நீட்டினாள்.

“ஏன்வே, தங்கச்சி கேட்டு நான் மாட்டேம்பனா? தாராளமா வரட்டும். தலைவர்ங்கற முறையில நானும் வாரேன்” என்றார் பாய்.

மறுநாள் சிவசைலம் காதைப் பொத்திக்கொண்டு முனகினார். முத்துராணி டாக்டர் மாதுரியை வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள்.

“காது ரெண்டும் தங்கமா இருக்கு அண்ணாச்சி. பயப்படாதீங்க, நானும் வந்து நிக்கேன்” என்றார் டாக்டர்.

சனிக்கிழமை சாயந்தரம் சிவசைலம் பைய கொட்டகைக்குள் நுழைந்து, குருவியின் முன்சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டு வந்தார். டயர்க்கடைக்காரன் பங்காளியாக இருக்கிற கிளப்பில் செய்கிற காரியமா இது? எப்சி தகவல் சொல்ல, விடியுமுன்னே மந்திரமூர்த்தி வந்து மூன்று சக்கரத்துக்கும் புது டயரே மாட்டிவிட்டு, “இனிமே கவலையில்ல, ஜம்முனு போவும்லே!” என்று அங்கேயே நின்றுகொண்டார்.

ஞாயிறு காலை வேனில் பாதித் தெரு வந்து இறங்கியது. மச்சான் இசக்கிதுரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஹபீப் பாய்க்கு ஏனோ சிவசைலத்தைவிட அதிகமாக வேர்த்தது.

“முத்து, ஒண்ணு சொல்லணும்...”

அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். “ஒண்ணும் சொல்ல வேண்டாம். நல்லபடியா போயிட்டு வாங்க.”

அந்த முகத்தைப் பார்த்தபின் எப்படி மாட்டேன் என்பது? ஏறிவிட்டார். பெல்ட்டைப் போட்டதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். குருவி குலுங்கியது, ஓடியது, எழும்பியது. “முருகா! முருகா!” என்று கத்தினார்.

“கண்ணைத் தொறங்க அண்ணாச்சி. உங்க வீடு வருது!”

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். கீழே தாமிரபரணி வளைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே பச்சை வயல். அவர் வீட்டு மாடியில், ஆட்ட ஆளில்லாமல் அந்தப் பச்சைத் துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சிவசைலத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அடடா, இதையா இத்தனை நாள் கொட்டகையில் தூங்கித் தொலைத்தோம்!

“எம்மா, நான் பிடிக்கட்டுமா?”

எப்சி சொல்லச் சொல்ல, அவரே பிடித்துத் திருப்பினார். இன்னொரு சுற்று கேட்டு வாங்கினார். இசக்கிதுரை தலைக்கு மேலே குருவி சாய்ந்து போனபோது அண்ணாந்து பார்த்த மனிதர் வாய் மூடவில்லை.

இறங்கியதும் ஒரே விசில். இசக்கிதுரை தன் தோள்துண்டை எடுத்து அவருக்குப் போர்த்தினார். “மாப்ள, தெரியாமப் பேசிட்டேன். நீரு ஆம்பளைய்யா!”

முத்துராணி ஊரைப் பார்த்து, “எங்க வீட்டுக்காரரு!” என்றாள்.

ஹபீப் பாய் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “வே, மேல எப்படி இருந்துச்சு? தலை சுத்துமா?”

“காது அடைக்குமா அண்ணாச்சி?” என்றார் டாக்டர்.

“கீழ பாத்தா பயமா இருக்குமாலே?” என்றார் மந்திரமூர்த்தி.

சிவசைலம் குழம்பிப்போய் எப்சி பக்கம் ஒதுங்கினார். “ஏம்மா, மாசாமாசம் பறக்குத ஆளுவ எங்கிட்ட ஏன் இதைக் கேக்காவ?”

எப்சி சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னாள்: “அண்ணாச்சி, இந்தக் கிளப்புக்கு நான் வந்ததுல இருந்து, எம் பக்கத்து சீட்டுல ஆளு உக்காந்ததே இன்னைக்குத்தான்.”